நாலு வரியில் போன கல்யாணச் செய்தி

தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. கீழே டாக்டர் மெஷினை ஓட்டினால் அந்தச் சத்தம் மேலே உட்கார்ந்திருக்கும் எங்கள் கடைவாய்ப் பல்லில் வந்து இறங்கும். முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். அதில் இரண்டு பேரை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவர்கள் எந்நேரமும் கிரிக்கெட்தான் பேசினார்கள். மிச்சம் முதலாளி, நான், என் பக்கத்து நாற்காலித் தோழி. அவள் பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நான் உறையூரிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். இப்போது சென்னையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஏசிக் குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறேன். அந்தப் பல் மெஷின் சத்தத்துக்கு ஒருநாள் ஏங்குவாய் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஏங்கத்தான் செய்கிறேன்.

பெரியகடை வீதியில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஒருவர் எங்களிடம் ஒரு வெப்சைட் கேட்டிருந்தார். ஜனங்கள் வீட்டிலிருந்தே பத்திரிகை மாதிரிகளைப் பார்க்க வேண்டும், வாசகத்தைத் தமிழில் அடித்துப் பார்க்க வேண்டும், பிடித்திருந்தால் சமூக வலைத்தளத்தில் நண்பர்களுக்கும் காட்ட வேண்டும். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் நீல நிறத் தளம் ஒன்றில்தான் குடியிருந்தோம். "அந்தக் கணக்கை வச்சே நம்ம சைட்டுக்குள்ள வந்துடணுங்க. தனியா ஒரு பாஸ்வேர்டு கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது," என்றார் அவர். நியாயமான ஆசைதான்.

எங்கள் சைட் ஜாவாவில் எழுதியது. ஜாவாவிலிருந்து அந்த நீலத் தளத்தோடு பேச, எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. உலகத்தில் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், அதில் ஒன்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. முதலாளி மூன்றைக் குறித்துக் கொடுத்தார். அவற்றின் நிஜப் பெயரை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. முதலாவது 'மூட்டை'. அதைச் சேர்த்தால் அதன் சொந்தபந்த லைப்ரரிகள் எல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும். எங்கள் பழைய கம்ப்யூட்டர்கள் அதைத் தாங்காமல் முதல் நாளே படுத்துவிட்டன. அடுத்தது 'ஒல்லி'. தளத்திடம் அனுமதி வாங்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது; மற்றதெல்லாம் நம் தலையில். கடைசியாக 'நாலுவரி'. நாலே வரி எழுதினால் போதும். உள்ளே நுழைவது, பெயரை எடுப்பது, நண்பர் பட்டியலை எடுப்பது, செய்தி போடுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு நாலுவரி மேல் கண்மூடித்தனமான காதல். சோம்பேறிக்கு வாய்த்த வரம் என்று தோழி சொன்னாள். அவள் ஒல்லி கட்சி. நாலுவரி எல்லா அனுமதியையும் ஒரே திரையில் மொத்தமாகக் கேட்டு வாங்கிவிடுகிறது என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒருத்தர் வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு சலாம் சொல்லணும். பதில் வந்தாத்தான் உள்ள காலை வைக்கணும். மூணு தடவை சொல்லியும் பதில் வரலன்னா பேசாம திரும்பிடணும். எங்க அத்தா எங்களை அப்படித்தான் வளர்த்தாரு. உன் நாலுவரி என்னடான்னா, வாசல்ல ஒரு தடவை கூப்பிட்டுட்டு நேரா அடுப்பங்கரைக்கே போயிடுது."

"நாலு தடவை கதவைத் தட்டிக்கிட்டு இருந்தா, கஸ்டமர் எழுந்து நேரா கடைக்கே போயிடுவாரு. அப்புறம் சைட் எதுக்கு?" என்றேன் நான்.

பேச்சில் அந்த ஆபீஸில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. அது எனக்குத் தெரியும் என்பதுதான் என் வியாதி. முதலாளி இருவரையும் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ரெண்டு பேரும் ஓட்டிக் காட்டுங்கம்மா, அன்னைக்கு முடிவு பண்ணுவோம்," என்றார்.

அதே வாரம் எங்கள் வீட்டிலும் பத்திரிகைப் பேச்சுதான். அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தது. பத்திரிகை அடித்து வந்து, ஒன்றை சாமி படத்தின் முன் வைத்தாயிற்று. அடுத்தது தாய்மாமனுக்கு. அங்கேதான் விஷயமே இருந்தது.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் தன் மகள் கல்யாணத்துக்கு அவர் அம்மாவுக்கு நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை. காலில் அடிபட்டுப் படுத்திருந்தார், கூரியரில் அனுப்பிவிட்டார். கூரியர்காரன் வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டபோது அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணத்துக்குப் போனாள். அட்சதை போட்டாள். பந்தியில் உட்காராமல் திரும்பிவிட்டாள். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அம்மா தினமும் ஏதாவது ஒரு சாக்கில் அண்ணன் பேச்சை எடுப்பாள், உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

இப்போது அவள் ஒரு முடிவோடு இருந்தாள். "ஊருல ஒருத்தருக்கும் சொல்றதுக்கு முன்னாடி அண்ணனுக்குத்தான் சொல்லுவேன். நேர்ல போய், தட்டுல வச்சு, என் வாயாலதான் சொல்லுவேன். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது." இது எங்கள் எல்லோருக்கும் போட்ட உத்தரவு. அப்பா துறையூரில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அன்று இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அந்த ஒரு தாம்பூலத் தட்டில் மூன்று வருட மனஸ்தாபத்தையும் இறக்கி வைத்துவிடலாம் என்று அம்மா நம்பினாள். கோபத்தைவிட ஏக்கம்தான் அதில் அதிகம் என்பது எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சனிக்கிழமைக்கு என் நாலுவரியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பத்திரிகை வாசகம் தமிழில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'அஆஇஈ' என்று அடித்தால் போதாது. நிஜமான பத்திரிகையில்தான் 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்து நீளநீள வார்த்தையாக வரும், வரி உடையும், எழுத்து சிதறும். என் பையில் அக்காவின் பத்திரிகை ஒன்று இருந்தது, தோழிக்குக் காட்ட அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது. இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? அப்படியே பார்த்து அடித்தேன். சோதனைக்குப் போலித் தகவலைத்தான் போட வேண்டும் என்று கல்லூரி முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அவசரப்பட்டால் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன்.

பொத்தானை அழுத்தினேன். அனுமதித் திரை வந்தது. நீளமாக ஏதோ எழுதியிருந்தது. படிக்காமல் சரி என்றேன். நான் நினைத்தது, சோதனைதானே, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று. நாலுவரி நினைத்தது வேறு. அது என் நண்பர்கள் அத்தனை பேருக்கும் அக்கா கல்யாணத்தை, முகூர்த்த நேரம் மண்டப விலாசத்தோடு, பளிச்சென்று போட்டுவிட்டது.

"வந்துருச்சு பாரு, எழுத்து ஒண்ணுகூட சிதறல!" என்று தோழியிடம் பெருமையாகத் திரையைத் திருப்பினேன். திருப்பும்போதே கீழே ஒரு வரி முளைத்தது. மாமாவின் மகள், சிங்கப்பூரிலிருந்து: 'வீட்டுல கல்யாணமா! எங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லலியே. இருங்க, இப்பவே போன் போட்டுக் கேக்குறேன்.'

செய்தியை உடனே அழித்தேன். அழித்தால் என்ன? அவள் படித்தாயிற்று. சிங்கப்பூரில் அது சாப்பாட்டு நேரம், போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற நேரம். இங்கே மணி பத்தே முக்கால்.

தோழிக்கு எங்கள் வீட்டு விஷயம் முழுதும் தெரியும். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். மேஜை மேல் கிடந்த ஸ்கூட்டி சாவியை எடுத்து என் கையில் திணித்தாள். "அம்மாவைக் கூட்டிட்டு நேரா மாமா வீட்டுக்குப் போ. சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். மாமா போன் பண்றதுக்குள்ள போய் நின்னுடு, அல்லாஹ் பார்த்துக்குவான்."

வீட்டுக்குள் நுழைந்ததும் பொய்களை வரிசையாக அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வைத்துவிட்டார்கள், எனக்கும் மாமாவைப் பார்க்க வேண்டும், வண்டி கிடைத்திருக்கிறது, இப்போதே போய்விட்டு வந்துவிடலாம்.

"அப்பா வராமயா?"

"உங்க அண்ணனைப் பார்க்க உனக்குத் துணைக்கு ஆள் வேணுமாம்மா? பயமா?"

இந்தச் சீண்டல் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். அம்மா எழுந்துவிட்டாள். தட்டைத் தேய்த்தாள். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் எடுத்து வைத்தாள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். பிறகு சாவகாசமாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"ராகுகாலம். பன்னெண்டு மணி வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கெஞ்சினேன், கத்தினேன், மூன்று பழைய சண்டைகளை இழுத்தேன். அசையவில்லை. "மூணு வருஷம் கழிச்சுப் போறேன், நல்ல நேரத்துலதான் போவேன்," என்றாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து, எந்த நிமிடம் வீட்டுப் போன் அடிக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மாமா கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. பேசாமல் இருந்துவிடுகிற ஆள்.

பன்னிரண்டு அடித்ததும் கிளம்பினோம். அம்மா பின்னால் உட்கார்ந்து தட்டு வைத்த கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறியபோது கீழே மணல்தான் கிடந்தது, சித்திரை வெயில் முகத்தில் அறைந்தது. "அண்ணன் என்னைப் பார்த்ததும் என்ன சொல்லுவாரு?" என்று அம்மா என் காதருகில் கேட்டாள். சின்னப் பெண் கேட்கிற மாதிரி இருந்தது குரல். அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மாமா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கும்போது தோளில் ஒரு துண்டைத் தவிர வேறு எதுவும் போடாத மனிதர், அன்று தேய்த்த வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக இருந்தார். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. போன் வந்திருக்கிறது. அவருக்குத் தெரியும். வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வாம்மா," என்று மாமா எழுந்தார். "என்னம்மா திடீர்னு? சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

உள்ளே போய் அவரையும் அத்தையையும் சேர்த்து நிற்க வைத்துத் தட்டை நீட்டினாள் அம்மா. "பெரியவளுக்குக் கல்யாணம் அண்ணே. உங்களுக்குத்தான் முதல் பத்திரிகை. வேற ஒருத்தருக்கும் இன்னும் சொல்லல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடேடே, கல்யாணமா!" என்றார் மாமா. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை, எப்போது பேசி முடித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, "அப்படியா, அப்படியா" என்று ஆச்சரியப்பட்டார். அதில் நடிப்பு எங்கே முடிந்து நிஜம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்கா முதல் பத்திரிகை வச்ச?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அது நிஜம்.

அத்தை இலை போட்டாள். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், சேமியா பாயசம். "என்ன அண்ணி விசேஷம்?" என்று அம்மா கேட்டாள். "வெள்ளிக்கிழமை இல்ல, சாமிக்கு வச்சேன்," என்றாள் அத்தை, என் பக்கம் திரும்பாமலே. அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுச் சாப்பாடு. இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினாள்.

கிளம்பும்போது அம்மாவை அத்தை பூ வைக்க உள்ளே கூட்டிப் போனாள். மாமா என்னோடு வண்டி வரை வந்தார்.

"எடுத்துட்டியா அதை?"

"எடுத்துட்டேன் மாமா. டெஸ்ட் பண்ணேன், தெரியாம..." அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆபீஸில் யாரிடமும் தோற்காத வாய்.

"சரி, விடு. பொண்ணுகிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லிட்டேன். அவ சொன்னதும் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, நானே அங்க கிளம்பி வர்றதுக்குச் சட்டையை மாட்டிட்டேன். உங்க அத்தைதான் கையைப் புடிச்சு உக்கார வச்சா. 'உங்க தங்கச்சிக்கு நீங்க ஒரு தடவை குறை வச்சாச்சு. இப்ப அவ வருவா, அவ வாயால சொல்லட்டும், அதுக்கு முன்னாடி நீங்க கேட்டதா இருக்கக் கூடாது'ன்னா. இன்னைக்கு வரலன்னாலும் நீங்க வர்ற வரைக்கும் இந்தச் சட்டையோட உக்காந்திருப்பேன்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அம்மாவுக்கு எந்தக் காலத்துலயும் தெரிய வேணாம், என்ன?" என்றார்.

சனிக்கிழமை முதலாளி முன்னால் நான் எதையும் ஓட்டிக் காட்டவில்லை. "ஒல்லியையே எடுத்துக்கலாம் சார்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பேச்சில் விட்டுக் கொடுத்து அவர் பார்த்ததில்லை. ஒல்லிக்குத் தேவையான மிச்ச புரோகிராமை நானும் தோழியும் சேர்ந்து மூன்று வாரம் எழுதினோம். பெயரைக் கேட்க ஒரு திரை, செய்தி போட இன்னொரு திரை, யாருக்குக் காட்டலாம் என்பதற்குத் தனியாக ஒரு கேள்வி. பதில் வரவில்லையென்றால் யாருக்கும் காட்டாது, அங்கேயே நின்றுவிடும். பத்திரிகைக் கடைக்காரர், "கொஞ்சம் அதிகமாக் கேள்வி கேக்குதுங்களே," என்றார். "கேக்கட்டுங்க," என்றேன்.

அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் சேர்த்தி. மதியம் அவள் டிபன் பாக்ஸிலிருந்து நான் சாப்பிடுவேன், என்னுடையதிலிருந்து அவள். பிறகு நீலத் தளம் தன் விதிகளை மாற்றியது. மூட்டை, ஒல்லி, நாலுவரி மூன்றையும் எழுதியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். சைட்டும் போயிற்று, இப்போது ஜனங்கள் பத்திரிகையைப் படமாகப் போனில் தட்டிவிடுகிறார்கள். தோழி கல்யாணமாகி துபாயில் இருக்கிறாள். இன்னும் ஏதாவது லைப்ரரி எடுக்கும்போது அவளுக்கு எழுதிக் கேட்கிறேன். முதலில் அனுமதித் திரையைப் படித்தாயா என்றுதான் பதில் வரும்.

மாமா போன வருடம் காலமானார். மூன்றாம் நாள் அந்த வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இறந்தவரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முறை வந்தது. எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லிய அதே கதையைத்தான் சொன்னாள்.

"மூணு வருஷம் பேச்சு இல்ல. ஆனா நான் போய்ச் சொல்ற வரைக்கும் என் அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது. ஊருக்கெல்லாம் முன்னாடி என் வாயாலதான் கேட்டாரு. அந்தப் பாக்கியம் எனக்கு இருந்துச்சு. இல்லையா அண்ணி?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மூன்று நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா. நீங்க வந்து சொன்னப்புறம்தானே எங்களுக்கே தெரியும்," என்றாள்.

எனக்கு அத்தையின் காலில் விழ வேண்டும் போல இருந்தது.